பழையனூர் நீலி பள்ளி மேடைக்கு வந்தாள்

(நன்னிலம் வட்டார ஆசிரியர் கூடுகையில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பள்ளியில் நாடகம்' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். நாடகத்தின் பயன்கள் என்று பொதுவாகப் பேச ஆரம்பித்தால் உங்களுக்கும் தூக்கம் வரும், எனக்கும் வரும். அதுவும் மதிய சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பேச விட்டிருக்கிறார்கள். அதனால் எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் போட்ட ஒரே ஒரு நாடகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது ஒரு பேய் நாடகம்.

ஆண்டு விழா நாடகம் என்றால் என்னென்ன என்று உங்களுக்கே தெரியும். மரம் வளர்ப்போம், நெகிழி ஒழிப்போம், கட்டபொம்மன் வசனம். எல்லாம் தேவைதான். ஆனால் அந்த ஆண்டு பிள்ளைகள், "பேய்ப் படம் மாதிரி ஒண்ணு போடலாமா டீச்சர்?" என்று கேட்டார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது சந்திரமுகியும் காஞ்சனாவும். நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. "சினிமாப் பேய் வேண்டாம். நம் இலக்கியத்திலேயே பேய் இருக்கிறது. தேடிப் பார்ப்போம்" என்றேன்.

தேடுவதற்கு அதிக தூரம் போகவேண்டிய அவசியமே இல்லாத ஊர் நம் ஊர். கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டார் தீபங்குடிக்காரர். தீபங்குடி நம் மாவட்டத்தில் இருக்கிறது. தக்கயாகப்பரணி பாடியவர் ஒட்டக்கூத்தர். சோழ மன்னர் அவருக்குக் கொடையாகத் தந்த ஊர் என்பதால்தான் பூந்தோட்டம் பக்கத்தில் இருக்கிற கூத்தனூருக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். விஜயதசமிக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய் நெல்லில் எழுத வைக்கிறோமே, அதே கூத்தனூர். பரணி என்றாலே பாலை நிலம், காளி கோயில், பேய்க்கூட்டம், போர்க்களத்தில் கூழ் காய்ச்சும் கூளிகள். தமிழில் இரண்டு பெரிய பரணிகளைப் பாடியவர்களும் நம் வட்டாரத்தோடு தொடர்புடையவர்கள். பக்கத்துக் காரைக்காலில் பிறந்த அம்மையார் பேய் வடிவம் வேண்டிப் பெற்றவர். தம் பதிகத்திலேயே தம்மைக் காரைக்கால் பேய் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். அவர் போய்ச் சேர்ந்த இடம் திருவாலங்காடு. அந்தத் திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊர் பழையனூர். பழையனூர் என்றதும் நீலி வந்துவிட்டாள்.

ஆங்கில ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் இந்த வகைக் கதைகளின் வரலாற்றை 1764இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய நாவலிலிருந்து தொடங்குவார்கள். பிறகு 1818இல் ஃபிராங்கன்ஸ்டைன், 1897இல் டிராகுலா. பழைய மாளிகை, பூட்டிய அறை, இறந்தும் அடங்காத பழி, நடக்கப்போவது தெரிந்தும் தடுக்க முடியாத பதைபதைப்பு ஆகியவைதான் அந்தக் கதைகளின் இலக்கணம். நீலி கதையில் மாளிகை இல்லை, ஊர்ச் சாவடி இருக்கிறது. மற்ற எல்லாம் அப்படியே இருக்கின்றன. சம்பந்தர் திருவாலங்காட்டுத் தேவாரத்தில் இந்தக் கதையைச் சுட்டுகிறார். அப்படியென்றால் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்த கதை.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல வடிவங்கள் உண்டு. நாங்கள் எடுத்துக்கொண்டது இது. ஒருவன் தன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். அடுத்த பிறவியில் அவன் காஞ்சிபுரத்தில் வணிகனாகப் பிறக்கிறான். அவள் பேயாகப் பின்தொடர்கிறாள். அவனிடம் ஒரு மந்திரக் கத்தி இருக்கிறது. அது கையில் இருக்கும்வரை அவளால் நெருங்க முடியாது. வணிகன் பழையனூருக்கு வருகிறான். நீலி ஒரு கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, குடும்பப் பெண் வடிவில் ஊர்ச்சபைக்கு வருகிறாள். "இவர் என் கணவர். என்னையும் பிள்ளையையும் கைவிட்டுப் போகிறார்" என்று அழுகிறாள். வணிகன், "இவள் பெண்ணே இல்லை, பேய்" என்று கதறுகிறான். சபையில் எழுபது பெரியவர்கள். குழந்தையை இறக்கிவிடுகிறார்கள், அது அவன் மடியில் போய் ஏறி அப்பா என்கிறது. அதற்குமேல் யார் அவனை நம்புவார்கள்? "ஓர் இரவு இருவரும் ஒரே அறையில் இருங்கள். கத்தியைக் கொடுத்துவிடு. உன் உயிருக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் எழுபது பேர் உயிர் பிணை" என்கிறார்கள். விடிந்து கதவைத் திறந்தால் அவன் பிணமாகக் கிடக்கிறான். சொன்ன சொல்லைக் காப்பாற்ற எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். நீலிக் கண்ணீர் என்று நாம் அன்றாடம் சொல்கிறோமே, அது இந்தக் கண்ணீர்தான்.

இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பு அமைதியாகிவிட்டது. பிறகுதான் வேலை தொடங்கியது.

பயம் எங்கிருந்து வருகிறது?

பிள்ளைகள் முதலில் போட்ட திட்டம் இதுதான்: வெள்ளைப் புடவை, விரித்த தலை, முகத்தில் மாவு, ஒலிபெருக்கியில் அலறல். நான் ஒரு கேள்விதான் கேட்டேன்: "எழுபது பெரியவர்கள் இவளைக் குடும்பப் பெண் என்று நம்பினார்கள். இந்த வேஷத்தில் வந்தால் யாராவது நம்புவார்களா?"

யோசித்தார்கள். திடீரென்று அலற வைத்தால் பார்ப்பவர் ஒரு நொடி திடுக்கிடுவார், அடுத்த நொடி சிரிப்பார். ஆனால் பார்ப்பவருக்குத் தெரிந்த ஒன்று மேடையில் இருப்பவருக்குத் தெரியாமல் இருந்தால் பதைபதைப்பு நீண்டுகொண்டே போகும். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்ப்பவருக்கு மட்டும் தெரிந்தால் போதும், மேசையைச் சுற்றி நடக்கும் சாதாரணப் பேச்சுகூடத் திகிலாகிவிடும் என்று திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக் விளக்கியிருக்கிறார். நீலி கதையில் அந்தக் குண்டு இடுப்பில் இருக்கும் கள்ளிக்கட்டை.

அதனால் குழந்தையை நாங்கள் கடைசிவரை காட்டவே இல்லை. ஒரு பழைய துணிமூட்டைதான். முதல் காட்சியில் நீலி ஒரு கள்ளிக்கொம்பை எடுத்துத் துணியில் சுற்றுவதைப் பார்வையாளர்கள் பார்த்துவிடுகிறார்கள். அதன்பிறகு அவள் அதைத் தட்டித் தூங்க வைக்கும்போதெல்லாம் கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

செலவைக் கேட்டால் நம்பமாட்டீர்கள். ஒத்திகை நடந்தது ஐப்பசி, கார்த்திகையில். எங்கள் பழைய கட்டடத்தின் தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தைக் கேட்டு ஒரு மாணவன், "இதையே வச்சுக்கலாம் டீச்சர்" என்றான். முறத்தில் நெல்லைப் போட்டு மெதுவாகச் சாய்த்தால் மழை. எண்ணெய் டின் தகட்டை ஆட்டினால் இடி. கதவுக்குத் துருப்பிடித்த கிணற்று உருளை ஒன்று கிடைத்தது. கொலை நடக்கும் இரவில் மேடையில் யாரும் இல்லை. ஒரு சாத்திய கதவு, ஒரு மின்கைவிளக்கு, நெல் மழை மட்டும். அறுபது வினாடி என்று முடிவு செய்து எண்ணினார்கள். அறுபது வினாடி சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள்.

எழுபது பேருக்கு எங்களிடம் ஆள் இல்லை. ஏழு மாணவர்கள். "ஒருத்தர் பத்துப் பேருக்குச் சமம், எண்ணிக்கோங்க" என்று கட்டியங்காரன் சொல்லிச் சமாளித்துவிட்டான். கதையில் அந்த எழுபது பேருக்கும் வணிகனுக்கும் சாதிப் பெயர் உண்டு. மேடையில் 'பெரியவர்கள்', 'வணிகன்' என்று மட்டும் வைத்தோம். வசனத்தில் வருகிற சாதிப் பெயர் மறுநாள் விளையாட்டுத் திடலில் பட்டப்பெயராகிவிடும். உயர்நிலைப் பள்ளியில் பாடம் எடுக்கும் எல்லோருக்கும் இது தெரியும்.

அப்பாயி சொன்ன யோசனை

நீலியாக நடிக்க ஒரு மாணவி முன்வந்தாள். மூன்றாம் நாள் ஒத்திகைக்கு அவள் வரவில்லை. மாலையில் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பாயி திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"வயசுக்கு வந்த புள்ளையப் பேய் வேஷம் கட்டச் சொல்றீங்களே டீச்சரம்மா, நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார்.

மூடநம்பிக்கை என்று அவரிடம் நான் வாதம் செய்யவில்லை. வாதத்தில் நான் ஜெயித்தால் பிள்ளை தோற்றுப்போகும். "உங்களுக்கு நீலி கதை தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாமலா! எனக்குத் தெரியாத இரண்டு சங்கதிகளைச் சேர்த்துச் சொன்னார். "நீங்களே வந்து ஒத்திகையைப் பாருங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்" என்றேன்.

வந்தார். கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். போகும்போது ஒரு நிபந்தனை சொன்னார்: "தலைய அவுத்துப் போட்டு ஆட விடாதீங்க. எண்ணெ வச்சு, பின்னி, பூ வச்சு அனுப்புங்க."

ஆண்டு விழா அன்று அவரே பேத்திக்குத் தலை பின்னிக் கனகாம்பரம் வைத்து அனுப்பினார். எண்ணெய் மின்னும் தலையும் பூவும் மஞ்சள் குங்குமமுமாக, நம் தெருவில் நடந்துபோகும் ஒரு பெண்ணைப் போல நீலி மேடைக்கு வந்தாள். நாங்கள் ஒரு மாதம் யோசித்துச் செய்த எந்த உத்தியையும்விட அதுதான் பார்ப்பவர்களை நடுங்க வைத்தது. வீட்டாரின் மறுப்பை நாம் பெரும்பாலும் தடையாகவே பார்க்கிறோம். அவர்கள் சொல்வதில் சில நேரம் நமக்கு உதவுகிற விஷயமும் இருக்கும்.

ஒரு மாணவியின் கேள்வி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வசனம் எழுதும்போது வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து வழக்காடு மன்றம் நடத்தினேன். வணிகன் பக்கம் ஓர் அணி, பெரியவர்கள் பக்கம் ஓர் அணி. "கையில் கத்தி இருந்தால்தான் பத்திரம் என்று அவன் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும்" என்றது ஒன்று. "அழுகிற பெண்ணையும் குழந்தையையும் நம்புவதுதான் நியாயம், அவர்கள் ஏமாற்றப்பட்டார்கள்" என்றது இன்னொன்று. நன்றாகவே வாதாடினார்கள். எந்த அணியிலும் வாய் திறக்காமல் இருந்த ஒரு மாணவி கடைசியில் எழுந்து கேட்டாள்:

"இவனுக்காக எழுபது பேரு கூடினாங்க. மொதல்ல அவளக் கொன்னப்ப எந்தப் பஞ்சாயத்தும் கூடலையே டீச்சர்?"

எத்தனையோ முறை இந்தக் கதையைக் கேட்டிருக்கிறோம், படித்திருக்கிறோம். பெரியவர்களின் வாய்மையைச் சேக்கிழார் பாராட்டியிருக்கிறார். நீலியின் வஞ்சகம் பழமொழியாகவே ஆகிவிட்டது. முதல் கொலை மட்டும் முன்கதையாக ஒரு வரியில் கடந்து போய்விடுகிறது.

நாடகம் அந்தக் கேள்வியால் மாறியது. முதல் காட்சியைப் புதிதாக எழுதினார்கள். கொலையைக் காட்டவில்லை. திரைக்குப் பின்னால் ஒரு மண்பானை உடையும் சத்தம். கட்டியங்காரன் வந்து, "அவ கத்தினா. பக்கத்து வீட்டுல விளக்கு எரிஞ்சுது. யாரும் வரல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவான். மூன்று வாக்கியம். பிள்ளைகளே எழுதியது.

முடிவிலும் யோசிக்க வேண்டியிருந்தது. எழுபது பேர் தீயில் இறங்குவதை வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் முன்னால் புகழ்ந்து காட்டலாமா? உயிரை விடுவதுதான் மானம் என்ற எண்ணத்தை ஒரு பள்ளி மேடை விதைக்கக்கூடாது என்று ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். தவிர, மேடையில் நெருப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பக்கத்துக் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று ஒரு பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். இந்தப் பகுதியில் வேலை பார்க்கும் எந்த ஆசிரியருக்கும் அது மறக்காது. ஒரு தீக்குச்சிகூட வேண்டாம் என்றேன்.

மாணவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஏழு பேரும் ஒவ்வொருவராக முன்னால் வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துத் தரையில் வைத்துவிட்டு, பேசாமல் இறங்கிப் போனார்கள். ஏழு துண்டுகள் மட்டும் மேடையில் கிடந்தன. அப்போது நீலி வந்து கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "பேயா வந்து சொன்ன பொய்யைக் கேக்க எழுபது பேரு கூடினீங்க. பொண்ணா இருந்து கத்தினப்ப ஒருத்தர் வந்திருந்தா, இந்தக் கதையே நடந்திருக்காது."

விழா அன்றும் பிறகும்

சம்பா அறுவடை முடிந்து பிப்ரவரியில் விழா நடந்தது. வளாகத்திலேயே தொடக்கப் பள்ளியும் இருப்பதால் சின்னப் பிள்ளைகளைப் பற்றி அங்குள்ள ஆசிரியர்கள் கவலைப்பட்டார்கள். நியாயமான கவலை. அன்று காலையே ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளை மேடைக்கு அழைத்து, துணிமூட்டையைத் தொட்டுப் பார்க்க வைத்தோம். டின் தகட்டை அவர்களே ஆட்டிப் பார்த்தார்கள். அட்டைக் கத்தியை வாங்கிச் சண்டை போட்டார்கள். நீலி அக்கா அவர்களோடு உட்கார்ந்து மதிய உணவு சாப்பிட்டாள். மாலை நாடகம் தொடங்குவதற்கு முன்பே அவர்களுடைய நிகழ்ச்சியை முடித்து, பெற்றோர் விரும்பினால் அழைத்துப் போகலாம் என்று அறிவித்தோம். பெரும்பாலும் யாரும் போகவில்லை. பெரியவர் கத்தியைக் கேட்டு வணிகன் அதை நீட்டும்போது, "குடுக்காதீங்க, குடுக்காதீங்க!" என்று முதல் வரிசையிலிருந்து கத்தியவர்கள் அவர்கள்தான்.

கடைசி வசனத்துக்குக் கைதட்டல் உடனே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது.

ஒரு வாரம் கழித்து ஒரு மாணவி என்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்றாள். தன் வீட்டில் இரவில் நடப்பதைச் சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை; அது அவளுடையது. தலைமையாசிரியரிடம் பேசி, 1098க்குத் தகவல் கொடுத்து, சட்டப்படி செய்யவேண்டியதைச் செய்தோம். "ஏம்மா இவ்வளவு நாள் சொல்லல?" என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "சொன்னா யாரு வருவாங்கன்னு நினைச்சேன் டீச்சர்." அவள் இப்போதும் பள்ளிக்கு வருகிறாள், படிக்கிறாள். அதற்குமேல் நான் எதையும் இந்த நாடகத்தின் சாதனையாகச் சொல்லமாட்டேன். ஒரு நாடகம் ஒரு வீட்டைச் சரிசெய்துவிடாது. ஆனால் இதைப் பற்றிப் பேசலாம், பேசினால் கேட்பதற்கு ஆள் உண்டு என்பது ஒரு பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது.

வகுப்பில் இதன் தொடர்ச்சியும் உண்டு. எட்டாம் வகுப்புத் தமிழில் 'நோயும் மருந்தும்' என்ற தலைப்பில் நீலகேசியின் பாடல்கள் இருக்கின்றன. அந்த நீலகேசி யார்? அதே பழையனூர் நீலிதான். முனிச்சந்திரர் என்ற சமண முனிவரை அச்சுறுத்தி விரட்ட வருகிறாள், முடியவில்லை. அவரிடம் அறம் கேட்டு, பிறகு ஊர் ஊராகப் போய் மற்ற சமயத்தாரோடு வாதம் செய்கிறாள். ஒரு கதையில் ஏமாற்றிப் பழி வாங்கிய பேய், இன்னொரு நூலில் தருக்கம் பேசி வெல்கிறாள். ஐஞ்சிறுகாப்பியங்களின் பட்டியலில் மனப்பாடம் செய்கிற ஒரு பெயராக மட்டும் இருந்த நூல், நாடகத்துக்குப் பிறகு, "நம்ம நீலியா டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்கிற நூலாகிவிட்டது. எட்டாம் வகுப்பிலேயே கலிங்கத்துப்பரணியின் 'படை வேழம்' பகுதியும் வருகிறது. அதை நடத்தும்போது, பாடியவர் நம் மாவட்டத்துக்காரர் என்பதையும் அவருடைய பேய்களையும் இரண்டு நிமிடம் சேர்த்துச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் ஜேம்ஸ் தர்பரின் பேய்க்கதை பாடமாக இருக்கிறது. அதில் வரும் பேய் சிரிப்புக்கு. நீலியையும் அதையும் பக்கத்தில் வைத்து, பயம் எப்படிச் சிரிப்பாகிறது, எப்படித் திகிலாகிறது என்று ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்தே ஒரு பாடவேளை எடுக்கலாம். நாங்கள் எடுத்தோம்.

இப்படி ஒரு நாடகம் போட நினைப்பவர்களுக்கு மூன்று வார்த்தை. கதையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு அவர்கள் கேள்வி கேட்கும்வரை காத்திருங்கள். வசனம் அதற்குப் பிறகு எழுதினால் போதும். வீட்டாரை விழாவுக்கு மட்டும் அழைக்காமல் ஒத்திகைக்கே அழையுங்கள். நாடகம் முடிந்த வாரத்தில், கொஞ்ச நேரம் ஆள் இல்லாத இடத்தில் உட்கார்ந்திருங்கள். பேச வேண்டியவர்கள் வருவார்கள். அவர்கள் வரும்போது 1098, 14417 என்ற இரண்டு எண்களும் அவர்கள் கண்ணில் படும்படி வகுப்பறைச் சுவரில் இருக்கட்டும்.

கலைத் திருவிழாவுக்கான நாடகத் தேர்வு உங்கள் பள்ளிகளிலும் நடந்துகொண்டிருக்கும். உங்கள் ஊர்க் கதையை ஒரு பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். நீலியின் வசனப் பிரதி எங்கள் பள்ளியில் கையெழுத்துப் படியாக இருக்கிறது. வேண்டுபவர்கள் தேநீர் இடைவேளையில் என்னிடம் சொல்லுங்கள், படியெடுத்துத் தருகிறேன்.